‘சும்மா அளந்து பார்க்க’ ஒரு கையெழுத்து

ஆலோசனை கேட்டு ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதம். ஊர், பெயர், நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

எழுதியவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டப்போவுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நர்ஸ். கணவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. இருவரும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். ஆறு வருடத்துக்கு முன் வங்கிக் கடன் வாங்கி, மேட்டுப்பாங்கான 900 ஏக்கர் நிலத்தை ஒரு பழைய வீட்டோடு வாங்கியிருக்கிறார்கள். அதில் ஆடு மேய்க்க வாடகை கொடுப்பவர் பக்கத்து நிலத்துக்காரர், எழுபது வயது தாண்டியவர். இவர்கள் வந்த புதிதில் வேலி போடக் கற்றுக்கொடுத்ததும், வெள்ளத்தில் பாதை அடைபட்டபோது டிராக்டர் கொண்டுவந்ததும் அவர்தான்.

மூன்று மாதமாக ஒரு காற்றாலை நிறுவனத்தின் பிரதிநிதி வந்துபோகிறார். இவர்கள் நிலத்தின் முகட்டில் நான்கு காற்றாலைகள், கீழே சமதளத்தில் ஒரு சப்-ஸ்டேஷன், அதன் பக்கத்தில் பேட்டரி. முதலில் ஐந்து வருட ஆப்ஷன் ஒப்பந்தம் (பின்னால் நிலத்தை லீஸுக்கு எடுக்கும் உரிமையை நிறுவனத்துக்கு ஒதுக்கி வைப்பது), அதை இன்னொரு ஐந்து வருடம் நீட்டிக்க நிறுவனத்துக்கு உரிமை. திட்டம் நடந்தால் 30 வருட லீஸ். காற்றாலை ஒன்றுக்கு வருடம் 36,000 டாலர், நான்குக்கும் சேர்த்து 1,44,000. கையெழுத்து போட மூன்று வாரம் தவணை. இதுவரை எதிலும் கையெழுத்து போடவில்லை.

கணவருக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணம். ‘முப்பந்தலில் அத்தனை காத்தாடி சுத்துது, யாருக்கு என்ன ஆச்சு, அதுவும் இது சும்மா அளந்து பார்க்கத்தானே’ என்கிறார். கடிதம் எழுதியவருக்கு நாலு பயம்: மறுத்தால் அரசு நிலத்தைப் பறித்துக்கொள்ளுமா, இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குகிற தன் தூக்கம் என்னவாகும், பேட்டரி தீப்பிடிக்குமா, பக்கத்து நிலத்துக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது. அவர் தன் வாசலில் காற்றாலை எதிர்ப்புப் பலகை வைத்திருக்கிறாராம். இவர்களிடம் நிறுவனம் பேசிக்கொண்டிருப்பது அவருக்கு இன்னும் தெரியாது.

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் உறுத்தியது நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் இருவருமே இந்த ஆப்ஷனைச் சின்னக் காகிதமாகவும், பின்னால் வரப்போகிற லீஸைப் பெரிய காகிதமாகவும் நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது நேர் தலைகீழ்.

முதலில், பறித்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். காற்றாலை நிறுவனம் தனியார். உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் நிலத்தில் ஒரு குச்சி நட அதற்கு உரிமையில்லை. ஊரில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேறு விஷயத்தோடு குழம்பிய பேச்சு. நீங்கள் இருப்பது சென்ட்ரல் வெஸ்ட் ஒரானா புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மண்டலத்துக்குள். 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மண்டலம் அது. அதற்கான உயர் அழுத்த மின்பாதையை அமைப்பது அரசின் எனர்ஜிகோ அமைப்பின் பொறுப்பு. அந்த மின்பாதைக்கு மட்டும், பேசிப் படியாவிட்டால், 1991-ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீடு கொடுத்துப் பாதை உரிமையை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. புதிய பெரிய மின்பாதை தங்கள் நிலத்தின் வழியே போகிறவர்களுக்கு, இழப்பீடு போக, கிலோமீட்டருக்கு 2,00,000 டாலர் என்று கணக்கிட்டு இருபது வருடத்தில் பிரித்துக் கொடுக்கும் திட்டமும் உண்டு. உங்களிடம் வந்திருப்பது அதுவல்ல. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். ‘நீங்கள் தராவிட்டாலும் பக்கத்து மேட்டில் வரும், அப்போது சத்தம் மட்டும் உங்களுக்கு, காசு அவர்களுக்கு’ என்று பிரதிநிதி சொன்னாராமே, அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது பேரம், சட்டம் இல்லை.

மூன்று வாரத் தவணையும் அதே வகைதான். இந்தத் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நகர்பவை. விக்டோரியாவில் ரோக்வுட் பக்கம் இருக்கிற கோல்டன் பிளெய்ன்ஸ் திட்டத்துக்கு 2018-இல் அனுமதி கிடைத்தது, கட்டுமானம் தொடங்கியது 2023-இல். உங்களுக்காக மூன்று வாரம் காத்திருக்க முடியாத அவசரம் யாருக்கும் இல்லை. ‘எங்கள் வழக்கறிஞர் பார்த்த பிறகு பதில் சொல்கிறோம், எட்டு வாரம் வேண்டும்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், போதும்.

ஆப்ஷன் என்பது வெறும் அனுமதி இல்லை

காற்றை அளக்கும் கம்பம் நட அனுமதி கேட்டால் அதற்கு நாலு பக்க லைசென்ஸ் போதும். உங்களுக்கு வந்திருப்பது அறுபது பக்கம். ஏன் என்றால் பின்னால் வரும் லீஸ் முழுவதும் அதன் இணைப்பாகக் கடைசியில் ஒட்டியிருக்கும். ஆப்ஷனில் கையெழுத்து போடும்போதே அந்த லீஸின் ஒவ்வொரு வரிக்கும் ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். ஏழு வருடம் கழித்து நிறுவனம் ஒரு கடிதம் போட்டாலே லீஸ் உயிர்பெறும், அன்றைக்கு உங்களைக் கேட்க மாட்டார்கள். ஆப்ஷனைக் காக்க உங்கள் பட்டாவின் மேல் ஒரு கேவியட்டும் (இந்த நிலத்தில் இன்னொருவருக்கு உரிமை இருக்கிறது என்ற எச்சரிக்கைக் குறிப்பு) பதிவாகும், நிலத்தை விற்கப் போனாலோ கடனைப் புதுப்பிக்கப் போனாலோ அது குறுக்கே நிற்கும். உங்கள் வங்கி அடமானம் வைத்திருக்கிறதே, அதன் சம்மதமும் வேண்டும். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாததால் சொல்கிறேன்.

அதாவது பேரம் பேசும் பலம் உங்கள் கையில் இருப்பது இன்றைக்கு மட்டும்தான்.

அப்புறம் முப்பந்தல். அங்கே பெரும்பாலும் கோபுரம் நிற்கும் துண்டை விலைக்கு வாங்கிவிட்டார்கள், விற்றவருக்கு அதோடு கதை முடிந்தது. இங்கே நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அதனால்தான் பொறுப்பும் உங்கள் பெயரிலேயே தங்குகிற ஆபத்து வருகிறது. அளவும் வேறு. நீங்கள் பார்த்து வளர்ந்த பழைய 250 கிலோவாட் இயந்திரங்களில் இருபதுக்கு மேல் சேர்த்தால்தான் கோல்டன் பிளெய்ன்ஸில் நிற்கிற ஒரே இயந்திரத்துக்குச் சமம். அது 6.2 மெகாவாட், இறக்கை நுனி வரை சுமார் 230 மீட்டர் உயரம், அதுபோல 215. ஆக, உங்கள் கணவர் ஒப்பிடுவது டவுன் பஸ்ஸையும் சரக்கு ரயிலையும்.

கணக்கு ஒரு காற்றாலைக்கா, ஒரு மெகாவாட்டுக்கா?

36,000 டாலர் என்ற எண் நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பார்ப்பேன். ‘காற்றாலை ஒன்றுக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு 6 மெகாவாட் என்று வைத்தால் மெகாவாட்டுக்கு 6,000. ஆனால் உங்கள் ஆப்ஷன் பத்து வருடம் வரை நீளலாம். அதற்குள் 8 மெகாவாட் இயந்திரம் வந்து, நான்குக்குப் பதில் மூன்றை நட்டால்? மின்சாரம் அதே அளவு, உங்கள் வருமானம் 1,08,000. இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, இயந்திரம் வளர்வது இயல்பு. ஆனால் மெகாவாட் கணக்கில் எழுதி, வருடா வருடம் விலைவாசி உயர்வை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மின்சார வருவாயில் ஒரு சதவீதமா, இந்த நிலையான தொகையா, எது அதிகமோ அது என்று கேட்பவர்களும் உண்டு, கிடைப்பதும் உண்டு.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ‘அனுமதிக்கப்பட்ட பயன்பாடு’ என்ற பத்தியைப் பாருங்கள். ‘காற்றாலைகள் மற்றும் மின்சேமிப்பு உள்ளிட்ட தொடர்புடைய கட்டமைப்புகள்’ என்று இருக்கிறது. வாடகைப் பட்டியலிலோ காற்றாலை மட்டும்தான். அதாவது உங்கள் நிலத்தின் மிக நல்ல சமதளத்தில், சப்-ஸ்டேஷன் பக்கத்தில், வரைபடத்தில் சாம்பல் நிறம் பூசியிருக்கும் அந்தப் பன்னிரண்டு ஹெக்டேரில், பேட்டரிக்கென்று தனி வாடகை எதுவும் இல்லாமல் அவர்கள் வைத்துக்கொள்ளலாம், பிறகு பெருக்கிக்கொள்ளலாம். இன்றைக்கு ஆஸ்திரேலியாவில் பேட்டரி ஓர் இலவச இணைப்பு இல்லை. 2017-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ்டவுன் பக்கம் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளின் அருகே 100 மெகாவாட் பேட்டரி வைத்தபோது அது ஊர் கூடி வேடிக்கை பார்த்த அதிசயம். மூன்றே வருடத்தில் அதையே 150 ஆக்கினார்கள். மத்திய அரசின் முதலீட்டுத் திட்டம் 2030-க்குள் எட்ட நினைக்கும் 40 கிகாவாட்டில் 14 கிகாவாட் சேமிப்பு போன்ற, கேட்ட நேரத்தில் மின்சாரம் தரும் வகைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. காற்று நள்ளிரவில் அடித்து விலை தரையில் கிடக்கும்போது வாங்கி வைத்து, மாலை ஆறு மணிக்கு எல்லோரும் அடுப்பைப் போடும்போது விற்பது தனி வியாபாரம். அதற்குத் தனி வாடகை, தனி எல்லைக்கோடு, விரிவாக்கத்துக்குத் தனிச் சம்மதம் என்று எழுத வைக்காமல் நகராதீர்கள்.

சப்-ஸ்டேஷன் இன்னொரு வம்பு. அதை மின்பாதைகளை நடத்தும் நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கும் திட்டம் இருந்தால், அந்த இடம் லீஸோடு திரும்பி வராது. விற்பனையாகவோ நிரந்தர ஈஸ்மென்டாகவோ (நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் அவர்களுக்கு) போய்விடும். பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எதை விட்டுப்போகிறீர்கள் என்று தெரிய வேண்டாமா?

நியூ சவுத் வேல்ஸ் அரசு 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு மெகாவாட்டுக்கு வருடம் 1,050 டாலர் என்று ஒரு தொகை வருகிறதே, அதில் உங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அது சுற்றுவட்டார மக்களுக்கான பலன் பகிர்வு. உங்கள் வாடகையோடு அதைச் சேர்க்காதீர்கள், சேர்த்து யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

சத்தமும் தூக்கமும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

காதுக்குக் கேட்காத தாழ் ஒலி உடம்பைக் கெடுக்கும் என்று பக்கத்து நிலத்துக்காரர் கொடுத்த துண்டறிக்கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-இல் தன் முடிவைச் சொன்னது: காற்றாலைகள் மனிதர்களின் உடல்நலத்தைக் கெடுக்கின்றன என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை, 1,500 மீட்டருக்குள் வசிப்பவர்களைப் பற்றி இன்னும் ஆராயலாம். பிறகு சிட்னியில் வூல்காக் நிறுவனம், சத்தத்துக்குக் கூருணர்வு உள்ள 37 பேரை 72 மணி நேரம் அந்தத் தாழ் ஒலியில் வைத்துப் பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தூக்கத்திலும் மற்ற அளவீடுகளிலும் பாதிப்பு தெரியவில்லை. நீங்கள் நர்ஸ், இரட்டை மறைப்புச் சோதனை (ஒலி உண்மையில் இருக்கிறதா என்பது பங்கேற்பவருக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்துவது) என்றால் என்னவென்று எனக்கே சொல்லித் தருவீர்கள். அந்தப் பயத்தை இறக்கி வைக்கலாம்.

ஆனால் காதுக்குக் கேட்கிற சத்தம் வேறு. அது நிஜம், அதற்கு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. விக்டோரியாவில் தார்வின் லோயர் பக்கத்து பால்ட் ஹில்ஸ் காற்றாலைகளின் அருகில் இருந்த இரண்டு பேர் தொடுத்த வழக்கில், இரவுச் சத்தம் தூக்கத்தைக் கெடுத்த தொல்லைதான் என்று 2022 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருவருக்கும் சேர்த்து 2,60,000 டாலர் இழப்பீடு, இரவில் தொல்லையை நிறுத்த உத்தரவும்.

இதில் உங்களுக்கான பாடம் வேறு. அவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள், நிலம் கொடுத்தவர்கள் அல்ல. நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி வீட்டுக்கு வெளியே 35 டெசிபல், அல்லது சுற்றுப்புறச் சத்தத்தைவிட 5 டெசிபல் கூட, இரண்டில் எது அதிகமோ அதுதான் உச்ச வரம்பு. அந்த வரம்பு காப்பது திட்டத்தோடு ‘தொடர்பில்லாத’ வீடுகளை. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்ட கணமே உங்கள் வீடு ‘தொடர்புடைய’ வீடாகிவிடும். பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு உங்கள் வீட்டுக்கு இருக்காது. போதாததற்கு, உங்கள் வரைவின் இருபத்தொன்றாம் பக்கத்தில் சத்தம், நிழலாட்டம் (இறக்கை சுழலும்போது நிழல் விட்டுவிட்டு விழுவது) எதைப் பற்றியும் புகார் செய்ய மாட்டோம் என்று ஒரு வாக்குறுதி வேறு. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டோம் என்றால், அதே 35 டெசிபல் கணக்கை உங்கள் வீட்டுக்கும் ஒப்பந்தம் வழியாகவே எழுத வையுங்கள். வீட்டிலிருந்து மிக அருகில் வரக்கூடிய காற்றாலை எத்தனை மீட்டரில் என்பதும், சத்தத்தை அளப்பவர் நிறுவனத்தின் ஆளாக இருக்கக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் தூக்கத்தைக் காற்றாலையைவிட அதிகமாகக் கெடுக்கப்போவது கட்டுமானம். இம்மாநிலத்தில் வழக்கமான கட்டுமான நேரம் வார நாட்களில் காலை 7 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமை 8 முதல் 1 வரை. இரவில் தூங்குகிறவர்களுக்காக வகுத்த நேரம் அது. இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுக்கிற உங்களுக்கு அப்படியே நேர் எதிர். பாறை உடைப்பதும் கான்கிரீட் லாரி போவதும் உங்கள் ஜன்னலுக்கு வெளியே, வருடக்கணக்கில். அந்தக் காலத்துக்கு ஊருக்குள் ஒரு வீட்டு வாடகையை நிறுவனம் தரவேண்டும் என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை, அவர்கள் செலவில் இது தூசு.

பேட்டரி தீ

நடந்திருக்கிறது. 2021 ஜூலை 30 அன்று, ஜீலாங் அருகே மூராபூலில் விக்டோரியா பெரிய பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது 212 பெட்டிகளில் ஒன்று தீப்பிடித்து அடுத்த பெட்டிக்கும் பரவியது. குளிரூட்டும் திரவம் கசிந்து மின்கசிவானது காரணம். மூன்று நாளுக்கு மேல் தீயணைப்பு வீரர்கள் அங்கேயே இருந்தார்கள், சுற்றிலும் புகை எச்சரிக்கை. யாருக்கும் காயமில்லை, மீதி 210 பெட்டிகளும் தப்பின. 2023-இல் குயின்ஸ்லாந்தில் போல்டர்காம்ப் பேட்டரியிலும் தீ விபத்து நடந்தது.

எனவே ‘வெடித்துவிடும்’ என்பதும் தவறு, ‘ஒன்றும் ஆகாது’ என்பதும் தவறு. இடம் முக்கியம். உங்கள் வரைபடத்தில் அந்தச் சாம்பல் நிறப் பகுதி ஆடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டைக்கு மேலே, சரிவில் இருக்கிறது. தீயணைக்கத் தெளிக்கும் தண்ணீர் எங்கே ஓடும்? நேராகக் குட்டைக்குத்தான். இடத்தை மாற்றச் சொல்லுங்கள், அல்லது அந்த நீரைத் தேக்கும் அமைப்பைக் கேளுங்கள்.

அதோடு தலைகீழ் ஆபத்து ஒன்று. உங்கள் நிலத்தில் ஆடு மேய்ப்பவரின் வண்டியிலிருந்து ஒரு பொறி புல்லில் விழுந்து, தீ பரவி, கோடிக்கணக்கான டாலர் பெறும் பேட்டரியைத் தொட்டால் பொறுப்பு யார்? சாதாரணப் பண்ணை இன்சூரன்ஸின் வரம்பு அதற்குக் காணாது. உங்கள் பொறுப்பும் அவர் பொறுப்பும் உங்கள் பாலிசித் தொகையைத் தாண்டாது, அதற்கு மேல் நிறுவனமோ அதன் இன்சூரன்ஸ் கம்பெனியோ உங்களைத் துரத்தாது என்று ஒரு பத்தி வேண்டும். உங்கள் இன்சூரன்ஸ்காரரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் யார் கழற்றுவது?

உங்கள் கடிதத்தில் இல்லாத கேள்வி, எனக்கு மிகப் பெரியதாகத் தெரியும் கேள்வி. முப்பது வருடம் கழித்து நான்கு கோபுரங்களையும் யார் இறக்குவது?

அனுமதியில் ‘இயக்குபவர் அகற்ற வேண்டும்’ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் திட்ட அனுமதி என்பது நிலத்தோடு ஒட்டியது. இயக்கிய நிறுவனம் திவாலாகிப் போனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்ப்பார்கள், பட்டாவில் உங்கள் பெயர் அல்லது உங்கள் பிள்ளைகள் பெயர் இருக்கும். எரிசக்திக் கட்டமைப்பு ஆணையர் என்று மத்திய அரசில் ஒரு பதவி இருக்கிறது. 2015-இல் காற்றாலை ஆணையராகத் தொடங்கியது, புகார்களை இலவசமாக விசாரிப்பவர். அவர் அலுவலகம் சொல்லிவரும் மதிப்பு, ஒரு காற்றாலையை அகற்ற 4 முதல் 6 லட்சம் டாலர் ஆகலாம் என்பது. உங்களுக்கு நான்கு. 16 முதல் 24 லட்சம். உங்கள் முப்பது வருட வாடகை மொத்தம் 43 லட்சம், அதுவும் வரிக்கு முன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பாதியைத் தாண்டியும் போகலாம்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை, இங்கே முதல் தலைமுறைக் காற்றாலைகள் அந்த வயதுக்கு வந்துகொண்டிருக்கின்றன. விக்டோரியாவில் 2001-இல் ஓடத் தொடங்கிய காட்ரிங்டனின் 14 காற்றாலைகளையும் புதுப்பிக்காமல் கழற்றப்போவதாக அதன் நிறுவனம் 2025-இல் அறிவித்தது. அங்கே கழற்ற ஆள் நிலைத்து நிற்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போவது இந்த ஒரு திட்டத்துக்காக மட்டும் தொடங்கிய, வேறு சொத்தே இல்லாத ஒரு கம்பெனி. அது கைமாறவும் கைமாறும். கோல்டன் பிளெய்ன்ஸை உருவாக்கியது ஒரு நிறுவனம், இன்றைக்கு அது இன்னொருவருடையது. இந்தத் தொழிலில் இது சர்வ சாதாரணம். உங்கள் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்த அந்தப் பிரதிநிதி நல்லவராகவே இருக்கட்டும், அவர் வாயால் சொன்னது எதுவும் புது உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

எனவே அகற்றும் செலவுக்குப் பத்தாவது வருடத்துக்குள் ஒரு வங்கி உத்தரவாதம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தனி மதிப்பீட்டாளரை வைத்து அதன் தொகையைத் திருத்துவது, பழைய இரும்பு விற்கும் பணத்தை அதில் கழிக்காமல் இருப்பது, கைமாறினால் புது ஆள் அதே உத்தரவாதத்தைக் கொடுத்த பிறகே மாற்றம் செல்லும் என்பது, இவையெல்லாம் ஒப்பந்தத்தில் வேண்டும். மாநில அரசே அகற்றும் செலவைப் போட்டுப் பார்க்க ஒரு கணக்கீட்டுக் கருவியை அதே 2024 நவம்பர் வழிகாட்டிகளோடு கொடுத்திருக்கிறது, அதைப் போட்டு அவர்கள் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கோபுரத்தின் அடியில் இருக்கும் கான்கிரீட்டில் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மண் மூடுவதுதான் வழக்கம், எத்தனை ஆழம் வரை என்று எழுதச் சொல்லுங்கள். இந்தப் பத்திக்கு அவர்கள் மறுத்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால், வாடகை எவ்வளவு இனித்தாலும் போட மாட்டேன்.

வரி பற்றி இரண்டு வரி: வாடகை வருமானம் வருடம் 75,000-ஐத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு வரும், விவசாய நிலத்துக்கான நிலவரி விலக்கும் எந்தப் பகுதிக்கு நிலைக்கும் என்று பார்க்க வேண்டும். பண்ணைக் கணக்கு பார்க்கிற ஆடிட்டரிடம் போங்கள், நகரத்தில் சம்பளக் கணக்கு போடுகிறவரிடம் வேண்டாம்.

வழக்கறிஞர் செலவு? நிலம் கொடுப்பவரின் நியாயமான சட்டச் செலவை நிறுவனமே ஏற்பதுதான் இந்தத் தொழிலின் நடைமுறை. பணம் அவர்கள் கொடுத்தாலும் வழக்கறிஞர் உங்கள் ஆள், அவர்கள் சிபாரிசு செய்கிறவரை எடுக்காதீர்கள். இதே முகட்டில் வேறு யாரிடமும் பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். வருடம் ஒரு கோடி டாலருக்குக் குறைவாக வரவு உள்ள தொழில்கள், பண்ணைகள் உட்பட, கூட்டாகப் பேரம் பேச 2021 முதல் பொது விலக்கு இருக்கிறது. போட்டி, நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு பக்கப் படிவம் அனுப்பினால் போதும். நாலு பேர் ஒரே வழக்கறிஞரோடு போய் உட்கார்ந்தால் நான் மேலே எழுதியதில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். தனியாகப் போனால் கெஞ்ச வேண்டியிருக்கும்.

பக்கத்து நிலத்துக்காரர்

அவர் எதிர்ப்பது அவர் உரிமை. திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை பொதுப் பார்வைக்கு வரும்போது குறைந்தது 28 நாள் ஆட்சேபம் எழுதலாம், எழுதட்டும். அவர் வீடு எத்தனை தூரம் என்பதைப் பொறுத்து, நிறுவனம் அவரோடும் தனி ஒப்பந்தம் பேசலாம். உங்களுக்கும் அவருக்கும் இருக்கும் மேய்ச்சல் ஏற்பாடு வாய்ப்பேச்சாக இருந்தால் அதை உடனே எழுத்தாக்குங்கள். கட்டுமானத்தின்போது எந்த வேலி திறக்கும், ஆடு எங்கே போகும் என்பது நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலும் வர வேண்டும். சத்தம் என்று நாளை அவர் வழக்குப் போட்டால் இடம் கொடுத்தவர் என்று உங்களையும் சேர்க்கலாம், அதற்கு நிறுவனம் உங்களைக் காக்கும் என்ற பத்தியும் வேண்டும்.

இது பொதுவான ஆலோசனை. முழு வரைவையும் பார்க்கிற வழக்கறிஞர் வேறு சிலதும் கண்டுபிடிப்பார்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். சொல்லுங்கள், இந்த வாரமே. வரைபடத்தின் மேல் ‘ரகசியம்’ என்று அச்சடித்திருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போய் வாயால் சொல்லுங்கள். உங்கள் வரைவில் ரகசியக் காப்பு விதி ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அது உங்களைக் கட்டாது, கையெழுத்து போட்ட மறுநாள் கட்டும்.